பக்கத்து இருக்கையிலிருந்து நூடுல்ஸ்

மார்ச் 3, திங்கள்

மாமியார் வந்து இறங்கிவிட்டார். அவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், அந்த வாடை அவருக்கு ஆகாது, ஆகவே இரண்டு வாரம் இங்கே. ஒரு பெட்டி, ஒரு தலையணை, சொந்தமாக ஒரு தம்ளர். தம்ளர் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எங்கள் கல்யாணத்தன்று அவர் சொன்னது: "அந்த ஆளு கையால நான் பச்சத் தண்ணி கூடக் குடிக்க மாட்டேன்." ஐந்து வருடமாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருகிறார். கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மகளைக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள என்னிடம் அனுப்பியவரே அவர்தான். "வண்டிய ஓட்டக் கத்துக் குடுன்னு அனுப்பினேன், பொண்ணையே ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்" என்று சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார். நல்ல வசனம். நானே இரண்டு இடத்தில் எடுத்துவிட்டிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

என்னோடு நேராகப் பேசுவதில்லை. ஃப்ரிட்ஜோடு பேசுகிறார். காலையில் நான் சமையலறைக்குள் போனதும் ஃப்ரிட்ஜ் கதவைத் தடவிக்கொண்டே, "ஈரத் துண்ட நாற்காலி மேல போடறது சில பேருக்குப் பழக்கம் போல" என்றார். ஃப்ரிட்ஜ் பதில் சொல்லவில்லை. நான் துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன்.

இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே அவருக்கு ஆகிவிட வேண்டும். எனக்கு மாலை டிரைவிங் வகுப்புகள் முடிந்து வீடு வர எட்டரை. ஆக மனைவி ஏழு மணிக்கு அம்மாவோடு ஒரு முறை, எட்டரைக்கு என்னோடு ஒரு முறை சாப்பிடுகிறாள். இரண்டு பக்கமும் மனம் கோணக் கூடாதாம். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க மற்றவர்கள் ரத்தத்தில் சர்க்கரையை அளக்கிறவள். அவள் சர்க்கரையை யார் அளப்பது?

மார்ச் 6, வியாழன்

இன்று இரண்டாவது சாப்பாட்டின்போது அழுதுவிட்டாள். தட்டில் இரண்டே வாய்தான் இருந்தது, அதுவும் இறங்கவில்லை.

"நம்ம மூணு பேரும் ஒரே மேசைல உக்காந்து ஒரே ஒரு தடவ சாப்பிடணும். அதுக்கு மேல நான் என்ன கேட்டேன்?"

தோளைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் எல்லாம் வண்டி நடுரோட்டில் நின்றுபோனவர்களுக்குச் சொல்வது. "பரவாயில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். அவள் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள். அழுகை நின்றது.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு ரகசியம் சொன்னாள். அம்மா வெளிச் சாப்பாட்டைத் தொடாதவர், பொட்டலத்தைப் பார்த்தாலே முகம் சுளிப்பவர் என்றுதான் ஊரே நம்புகிறது. உண்மையில் அவர் தெரு முனையில் ஒரு சிக்கன் நூடுல்ஸ் கடை இருந்தது. மருந்து வாங்கப் போகிறேன் என்று வாரம் ஒரு முறை கிளம்பிப்போய், அங்கேயே நின்று சாப்பிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வருவாராம். போன வருடம் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லையாம்.

ஆகா.

மார்ச் 8, சனி

சீன, தாய்லாந்துச் சமையல் சாமான் கடை வைத்திருக்கும் கடைக்காரம்மா என் மாணவிதான். ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை மண்ணைக் கவ்வியவர். ரிவர்ஸில் நிறுத்தச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார்.

கடைக்குள் போய், "நூடுல்ஸ் செய்ய என்னெல்லாம் வேணும்?" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நாள் நான் அவரைப் பார்த்த அதே பார்வை.

"சமைச்சுப் பழக்கமா சார்?"

"முட்டை வேக வைப்பேன்."

முட்டை சேர்த்த நூடுல்ஸ், சோயா சாஸ் இரண்டு விதம், சிப்பி சாஸ், வெள்ளை மிளகுத்தூள், வறுத்த எள்ளெண்ணெய் ஒரு சின்னப் புட்டி எல்லாம் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். அதே தலையாட்டலை அவர் என் காரில் ஆட்டும்போது எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும்!

கறிக்கடையில் எலும்பெடுத்த தொடைக்கறி கேட்டேன். நெஞ்சுக்கறி வறண்டு போகுமாம், கடைக்காரம்மா சொன்னதில் இது ஒன்றுதான் மண்டையில் நின்றது.

மார்ச் 9, ஞாயிறு

மனைவிக்கு இன்று ஞாயிறு ஷிப்ட். அவள் போனதும் ஆரம்பித்தேன். எள்ளெண்ணெய்தானே என்று அந்தச் சின்னப் புட்டியை அப்படியே வாணலியில் கவிழ்த்து, அடுப்பை முழுசாக ஏற்றிவிட்டேன். அது கடைசியில் நாலு சொட்டு விடுவதற்காம். எனக்கு யார் சொன்னது? சொன்னார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

புகை கூடம் வரை போய்விட்டது. கண்ணெல்லாம் எரிய ஜன்னலைத் திறக்க ஓடினேன். பின்னால் ஃப்ரிட்ஜ் பக்கமிருந்து குரல்:

"ஃபயர் சர்வீஸ் நம்பர் உன் மேல எங்கயாவது ஒட்டியிருக்காங்களா பாரு."

மார்ச் 11, செவ்வாய்

இரண்டாம் முயற்சி. புகை இல்லை. ஆனால் சோயா சாஸ் இரண்டில் கறுப்பாக இருப்பது நிறத்துக்கு, வெளிறியது உப்புக்கு என்பதை மாற்றிப் புரிந்துகொண்டேன். உப்பு போதாதே என்று கறுப்பை ஊற்ற ஊற்ற, ஆயில் மாற்றும்போது வண்டிக்கு அடியில் வடியுமே, அந்த நிறம் வந்துவிட்டது. நூடுல்ஸும் குழைந்து களியாகிவிட்டது. கரண்டியை நட்டு வைத்தால் நிற்கும்.

மனைவி ஒரு வாய் தின்றுவிட்டு, "சார், இந்தத் தடவயும் ஃபெயில்" என்றாள். கோபமோ கிண்டலோ வந்தால் இன்னும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

மாமியார் தட்டை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜிடம் கூட. அதுதான் அவமானம்.

மார்ச் 12, புதன்

வெட்கத்தைவிட்டுக் கடைக்காரம்மாவிடம் சரணடைந்தேன். கடைக்குப் பின்னால் ஒரு அடுப்பு இருக்கிறது. "வெள்ளிக்கிழம எனக்கு டெஸ்ட். நீங்க எனக்கு ரிவர்ஸ், நான் உங்களுக்கு நூடுல்ஸ்" என்றார். ஒப்பந்தம்.

என் பக்கத்தில் நின்றுகொண்டு கையைக் கட்டிக்கொண்டார். கரண்டியைத் தொடவே மாட்டேன் என்கிறார். எண்ணெய் புகைகிறது, பூண்டு கருகுகிறது, "கொஞ்சம் பிடிங்களேன்!" என்று கத்தினேன்.

"பிடிக்க மாட்டேன். பக்கத்துல இருக்கறவ ஸ்டியரிங்கத் தொட்டா ஓட்டறவனுக்கு ஜென்மத்துக்கும் வராதுன்னு யாரோ எனக்குச் சொல்லியிருக்காங்க."

நான்தான் சொன்னது. என் பாடத்தை என் தலையிலேயே போட்டு உடைத்துவிட்டார்.

ஆனால் இன்று புரிந்தது. வண்டியை எடுக்குமுன் கண்ணாடி, பெல்ட், கியர் என்று பார்க்கிற மாதிரி, அடுப்பைப் பற்றவைக்குமுன் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் நறுக்கித் தயாராக இருக்க வேண்டும். கறியை அரைகுறையாக உறைய வைத்தால் மெல்லிசாக நறுக்க வரும். அதில் சோள மாவும் கொஞ்சம் சோயாவும் பிசறி வைத்தால் மிருதுவாக இருக்கும். நூடுல்ஸ் முக்கால் வேக்காட்டில் இறக்கி, பச்சைத் தண்ணீரில் அலசி வடிக்க வேண்டும். அதற்குப் பிறகு முழுத் தீ, நிறுத்தாத கை. நடுவில் பயந்து தீயைக் குறைத்தால் காய்கறி தண்ணீர் விட்டு எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும்.

"மேட்டுல ஏறும்போது ஆக்ஸிலேட்டர விடக் கூடாது, அவ்வளவுதான் சார்" என்றார். அடேங்கப்பா, கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

கடைக்காரம்மா பாஸ்! கண்ணைத் திறந்துகொண்டே நிறுத்தினாராம்.

மார்ச் 15, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மனைவிக்கு மதியம் வரை வேலை. நான் பதினொரு மணிக்கே கறி, பூண்டு, இஞ்சி, கேரட், முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் எல்லாம் நறுக்கி வரிசையாக வைத்துவிட்டேன். சாஸ்களைக் கலந்து ஒரு கிண்ணத்தில். என் திட்டம் எளிமையானது, கொஞ்சம் அயோக்கியத்தனமானதும்கூட: மாமியார் அறையின் கதவு திறந்திருக்கும்போது சமைப்பது, வாசனையை உள்ளே அனுப்புவது, மற்றதை அந்த மூடிப்போன கடை பார்த்துக்கொள்ளும்.

கறியை முழுத் தீயில் வதக்கி எடுத்து வைத்தேன். பிரமாதமாக வந்தது. பூண்டு போட்டதுதான் தாமதம், வாசலில் மாமியார். கையில் சொந்தத் தம்ளர். "பால் எடுக்க வந்தேன்" என்று ஃப்ரிட்ஜிடம் சொன்னார்.

ஃப்ரிட்ஜில் பால் இல்லை. காலையில் கடைசிப் பாலைக் குடித்ததே அவர்தான்.

காய்கறியைப் போட்டுக் கிளறினேன். பின்னாலிருந்து ஒரு 'ப்ச்'. நூடுல்ஸைப் போட்டேன். இரண்டு 'ப்ச்'.

"இப்படி அமுக்கி அமுக்கிக் கிளறினா எல்லாம் துண்டு துண்டாத்தான் போகும். அடியிலேந்து தூக்கிப் புரட்டணும். யார்கிட்டச் சொல்றது" என்றார் ஃப்ரிட்ஜிடம்.

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்று தெரியவில்லை. தொழில் புத்தி. கரண்டியை வாணலி ஓரத்தில் வைத்துவிட்டு, ஒரு அடி தள்ளி, பக்கவாட்டில் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டேன்.

அடுப்பு முழுத் தீயில் எரிகிறது. வாணலிக்கு ஆள் இல்லை. அவர் வாணலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. தம்ளரை டக்கென்று வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடித்தார்.

"அப்படித்தான். இப்ப அந்தக் கிண்ணத்துல இருக்கறத ஓரமா ஊத்துங்க. பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்."

"பயமா? எனக்கா?"

என்னிடம்தான் கேட்டார்! ஐந்து வருடத்தில் முதல் முறையாக, என் முகத்தைப் பார்த்து!

சாஸ் ஊற்றியதும் வாணலி சீறியது. அவர் கை பழக்கத்தில் அடுப்பைக் குறைக்கப் போனது. என் வலது கால் தரையை அழுத்தியது, இல்லாத பெடலை. "குறைக்காதீங்க! ஏத்துங்க! ஏத்துங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்திவிட்டேன். மாமியாரிடம்!

ஏற்றினார். கறியைத் திரும்பப் போட்டார், புரட்டினார், வெங்காயத்தாளைத் தூவினார். அடுப்பை அணைக்கச் சொன்னேன், எள்ளெண்ணெய் நாலே சொட்டு விடச் சொன்னேன். விட்டார். நூடுல்ஸ் ஒவ்வொரு இழையும் பளபளவென்று தனித்தனியாகக் கிடந்தது. நான் ஒரு இழையைக்கூடத் தொடவில்லை.

மனைவி உள்ளே வந்தபோது மேசையில் மூன்று தட்டு. வாசலிலேயே நின்றுவிட்டாள், பை தோளிலிருந்து இறங்கவில்லை.

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னடி முழிக்கற? நான் என் கையால சமைச்சத நான் சாப்பிடறதுல யாருக்கு என்ன தடை?" என்று மகளைக் கேட்டுவிட்டு, என் பக்கம் கையை நீட்டி, "அவரு பக்கத்துல நின்னு கத்தினாரு, அவ்வளவுதான்" என்றார்.

இரண்டு தட்டு சாப்பிட்டார். மனைவி ஒரே ஒரு முறை சாப்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வெள்ளை மிளகு என்று சமாளித்தேன்.

மார்ச் 17, திங்கள்

பெயிண்ட் காய்ந்துவிட்டது. மாமியாரைக் கொண்டுபோய் விட்டு வந்தோம். வழியெல்லாம் பின் இருக்கையிலிருந்து எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது? ஃப்ரிட்ஜுக்குப் பேச்சுத் துணை இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பெட்டி இல்லை, தலையணை இல்லை. கையில் கடைக்காரம்மா கடைப் பையில் இரண்டு பாக்கெட் நூடுல்ஸ். "மருந்து வாங்க வந்தேன், அப்படியே" என்றார். மருந்து வாங்க இவ்வளவு தூரம்! மனைவி என்னைப் பார்க்கவில்லை, நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

அம்மாவும் பெண்ணும் கூடத்தில் பேச உட்கார்ந்தார்கள். பேச்சு முடிகிற வழியாக இல்லை. நான் நறுக்கினேன், வதக்கினேன், அடியிலிருந்து தூக்கிப் புரட்டினேன். யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. முழுக்க முழுக்க என் கை. மேசையில் கொண்டுவந்து வைத்தேன்.

மாமியார் தட்டைப் பார்த்தார். தண்ணீர் வேண்டும் என்றார். தம்ளர் கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுத் தம்ளரில் ஊற்றி வைத்தேன். குடித்தார். அப்புறம் சாப்பிட ஆரம்பித்தார், தட்டு காலியாகும் வரை நிறுத்தவில்லை.

காலித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"மாப்பிள்ள, இன்னும் கொஞ்சம் போடுங்க."

மேசைக்கு அடியில் மனைவி என் காலை ஓங்கி மிதித்தாள். பிரேக் போடு, சிரித்துத் தொலைக்காதே என்று அர்த்தம். நான் ரொம்ப மரியாதையாக எழுந்து, கரண்டி நிறைய அள்ளிப் போட்டேன்.