பீரோவில் இல்லாத துப்பாக்கி

செவ்வாய், இரவு.

தேர்தல் வருகிறது, லைசென்ஸ் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று காலையில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வதுதான். என் வீட்டுக்காரர் பீரோவைத் திறந்தார். உறை மட்டும் கிடந்தது. காட்டுப்பன்றி விரட்ட மாமனார் வாங்கிய துப்பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை வந்த என் தம்பி அந்த அறையில்தான் படுத்திருந்தான். பீரோச் சாவி எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கிணற்றுத் தகராறில் பங்காளியை விடமாட்டேன் என்று அன்று முழுக்கப் பேசிக்கொண்டிருந்தான்.

“காணாமப் போச்சுன்னு உடனே எழுதிக் குடுத்துருவோங்க,” என்றேன். “அதுல நம்பர் இருக்கு. எங்க வெடிச்சாலும் போலீஸ் நம்ம வாசலுக்குத்தான் வரும்.”

“எழுதிக் குடுத்தா மொதல்ல ஒன் தம்பியத்தான் தூக்குவாய்ங்க. நாளைக்குக் காலையில அவன நேர்ல பாத்துப் பேசி வாங்கியாரேன். பொறு.”

எனக்காகத்தான் பொறுக்கிறார். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. தம்பி போன் மத்தியானத்திலிருந்து சுவிட்ச் ஆஃப். நானே ஸ்டேஷனுக்குப் போகலாமென்று பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை.

இதை எழுதும்போதே மேற்கே, தம்பி ஊர்ப் பக்கம், ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை.

“ஏதோ கோயில்ல வேட்டு போடுறாய்ங்க. படு,” என்றார்.

சொல்லிவிட்டு அவரே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறார்.