என் மகள் சினாலெயின் இடக்காலில் பாதியில் நின்ற பச்சை

அனுப்புநர்:
அசலேலே மாயாவா,
வைலோலோ கிராமம்,
சவாயீ தீவு, சமோவா.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
சுகாதாரத் துறை, ஆப்பியா.

பொருள்: என் மகளின் இரத்தம் உறையாமற்போனது நோயால்தான் என எழுத்தில் சான்று வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன்; நான் மறைத்தாலும் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பில் பச்சை குத்திக்கொள்ளப் படுத்தவன், மூன்றாம் நாள் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய், படகேறி ஆப்பியாவில்தான் நின்றேன். அந்தப் பாதிப் பச்சை இன்றும் இருக்கிறது. கடலில் குளிக்கும்போதுகூடத் துணியை இறக்குவதில்லை.

2. என் மகள் சினாலெய்க்கு வயது பத்தொன்பது. கடந்த மார்ச்சில் ஓயாத களைப்பு, கழுத்தில் சிறு வீக்கம், மாதவிலக்கு பன்னிரண்டு நாள் நீடித்தல், தொட்ட இடமெல்லாம் கன்றிப்போதல் ஆகியவற்றுக்காக எங்கள் வட்டார மருத்துவமனையில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். ஏதாவது இருந்தால் சொல்லி அனுப்புவோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டோம்.

3. ஆகஸ்ட் 11 அன்று அவளுக்குத் தொடை முதல் முழங்கால் வரை பச்சை குத்தும் சடங்கு. எங்கள் பெண்களுக்கு அது கல்யாணத்துக்கும் மேல். வலக்கால் முடிந்தது. இடக்கால் பாதியில், துடைக்கத் துடைக்க இரத்தம் வந்தது. துணி மாற்றினோம். பாய் நனைந்தது. மயங்கிவிட்டாள். பச்சை குத்தும் ஆசான் தம் ஊசிப்பல் சீப்பைக் கீழே வைத்தார்.

4. மருத்துவமனையில் நான்கு பை இரத்தம் ஏற்றிய இளம் மருத்துவர், ஏப்ரலிலேயே வந்து இழுப்பறையில் கிடந்த அவளுடைய பரிசோதனைத் தாளை எடுத்தார். தைராய்டு அநேகமாக வேலை செய்யவில்லை என்று அதில் இருந்தது. நான் எட்டாம் வகுப்பு. கழுத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அந்தச் சுரப்பி தளர்ந்தால் சிலருக்கு இரத்தத்தை உறையவைக்கும் பொருளும் குறையும், மாத்திரையால் தேறும் என்றார். தேறி வருகிறாள். அதை எழுதித் தரக் கேட்டேன். பழைய தாளைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம்.

5. ஊரில் நோய் என்று யாரும் நம்பவில்லை. பயந்துவிட்டாள் என்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது என் மைத்துனரே, "விடு மச்சான், அப்பன் தோல்தானே, பாதியிலதான் நிக்கும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பழக்கத்தில் நானும் சிரித்துவிட்டேன். அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். அன்றிலிருந்து வெளியே வருவதில்லை. மனைவி ஃபிலிஃபிலி அவளுக்குத் தட்டில் டாரோக் கிழங்கு வைக்கிறாள், தொடாமல் கிடப்பதை அப்படியே எடுக்கிறாள். நான் தோட்டத்துக்குப் போய்த் தேங்காய் உரிக்கிறேன். போதுமான அளவு உரித்தாகிவிட்டது. இன்னும் உரிக்கிறேன்.

ஆகவே ஐயா, யாரையும் தண்டிக்கும்படி கேட்கவில்லை. நோயின் பெயரும், தாள் வந்த தேதியும், முத்திரையும் உள்ள ஒரு பக்கம் தர உத்தரவிட வேண்டுகிறேன். ஊர்ச் சபையில் அதை உரக்கப் படிக்கச் செய்வேன். இரத்தம் தேறியதாக மருத்துவர் எழுதினால் மறுபடி சீப்பை எடுப்பதாக ஆசானும் சொல்லியிருக்கிறார்.

இடம்: வைலோலோ
நாள்: அக்டோபர் 20

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அசலேலே மாயாவா
(சினாலெயின் தகப்பன்)

பின்குறிப்பு: எல்லாத் தவறும் மருத்துவமனையுடையது என்று கையெழுத்திட்டால் பொய்ச்சாட்சியாகும் என்பதால் இதையும் சேர்க்கிறேன். மூன்றாவது துணி மாற்றும்போது அவள் என்னிடம், "எனக்குப் பயம் இல்லப்பா. ரத்தந்தான் நிக்கமாட்டேங்குது," என்றாள். ஆசான் கையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அத்தோடு நிறுத்தி எழுந்திருப்பார். கூடியிருந்தவர்கள் என் இடுப்பையே பார்ப்பதுபோல் இருந்தது. போதும் என்று நான் சொல்லவில்லை. நான்காவது துணியை எடுத்துக் கொடுத்தேன்.