குணமானவர்கள் வரிசையில் மதினி

மதினி,

இன்று அலுவலகத்தில் யாரோ ஏலக்காய் தட்டிப்போட்ட தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். கொச்சியில் எல்லாருக்கும் அது நல்ல வாசனை. எனக்கோ, சாந்தன்பாறைத் தோட்டத்தில் பூச்சிமருந்தடித்த மறுநாளே காய் எடுக்கப் போய்விட்டு வந்து நீங்கள் வாசலில் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்துவிட்டது. குடிக்காமலே வைத்துவிட்டேன்.

"ஏ கம்ப்யூட்டர்காரி, அப்படி என்னத்தத்தான்டி தோண்டுற?" என்று கேலி செய்வீர்கள். ஆஸ்பத்திரிகளில் பதிந்துகிடக்கும் நோயாளிகளின் விவரங்களைத்தான் தோண்டுகிறோம். எந்த வேலை செய்பவருக்கு என்ன நோய் வருகிறது, யார் தேறுகிறார்கள் என்று கணினி சலித்துச் சொல்லும். பெயர்களை நீக்கிவிட்டுத்தான் எங்களிடம் தருவார்கள்.

அப்படியும் உங்களைக் கண்டுபிடித்துவிட்டேன். ஏலத்தோட்ட வேலை, மூச்சுத்திணறல், இடது கையில் மட்டும் நடுக்கம். இரண்டே முறை வந்தவர். இரண்டு தடவையும் கூட வந்து டாக்டரிடம் மலையாளத்தில் சொன்னது நான்தானே. அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் 'குணம்' என்று இருந்தது.

திரும்ப வராதவர் தேறிவிட்டார் என்று கணினிக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ரொம்ப முடியாமல் போனால் நம் ஆட்கள் மலையிறங்கிச் சொந்தபந்தங்களிடம் போய்விடுவார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? "போடியில எங்கம்மா இருக்கு, கஞ்சியாவது ஊத்தும்" என்று சொல்லித்தான் நீங்களும் ஜீப்பில் ஏறினீர்கள். அங்கேயே கண்ணை மூடிவிட்டீர்கள்.

குழுத் தலைவரிடம் சண்டைக்கே போனேன். அவர் கெட்டவர் இல்லை. உங்கள் ஒரு வரியை மாற்றிவிடலாம், மற்றவர்களை என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டார். சாந்தன்பாறையிலிருந்து வண்டன்மேடு வரைக்கும் தோட்டத்து ஆட்கள் இப்படி ஆஸ்பத்திரிக்கு வந்து, பிறகு வராமலே போனவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். எல்லாரும் குணம். அறிக்கை அப்படியே வெளியானால், தோட்டத்து மருந்தால் பெரிய கெடுதல் இல்லை என்றாகிவிடும்.

அதனால் நிறுத்திவைத்திருக்கிறோம். அண்ணனை வைத்துத் தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாக விசாரிக்கிறேன். மலையிறங்கினவர்கள் என்ன ஆனார்கள் என்று போனில் கேட்டால், யார் எங்கே இறந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். நான் திருத்திக்கொண்டே வருகிறேன்.

உங்கள் வரியை மட்டும் இன்னும் தொடவில்லை மதினி. திறந்து பார்க்கிறேன், மூடிவிடுகிறேன். நாளைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். இந்த உலகத்தில் நீங்கள் தேறி எழுந்திருப்பது அந்த ஓரிடத்தில்தான். அதையும் என் கையாலேயே அழிக்க வேண்டியிருக்கிறது.