மிளகு எதையும் மறக்கவில்லை

என் பிரியமுள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் நலமாக இருக்கிறோம். நீயும் நம் குழந்தை மிளகும் அங்கே நலமாக இருக்க வேண்டும். அது ஒன்று போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. போனில் பேசினால் கோபமாகப் பேசிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன் என்று ஆரம்பித்திருந்தாய். சரியாகத்தான் செய்தாய். போனில் என்றால் எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்திருக்கும். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமலே வைத்திருப்போம். அதனால் நானும் எழுத்திலேயே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து, குளித்து, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு படி. பாதியில் நிறுத்தாதே.

முதலில் வீட்டுச் சேதி. அத்தானுக்கு முட்டிவலி பரவாயில்லை. புதிதாகக் கட்டிய ஒரு பெரிய மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. "லிஃப்ட் ஓடுறப்போ என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க, ஓடாதப்போ அத்தனை மாடியும் நான் நடந்துதான் ஏறணும், என் ஜாதகம் அப்படி" என்று சிரிக்கிறார். எனக்கு ஒரு ஓட்டலின் திரைச்சீலைகள் தைக்க வந்திருக்கின்றன. கூடம் முழுக்க நீலத் துணி, கால் வைக்க இடமில்லை. நீ அங்கே கூட்டிப்போகாமல் மிளகு இன்னும் இங்கே இருந்திருந்தால் அதைக் கடல் என்று சொல்லி, மூழ்காமல் தப்பிக்க மேஜை மேல் ஏறி நின்றிருப்பாள். என்னையும் ஏறச் சொல்லியிருப்பாள்.

இப்போது உன் குறைகளுக்கு வருகிறேன். பள்ளிக்கூடப் பையில் நத்தை இருந்ததாம், டீச்சர் அலறிவிட்டாராம். பாவம் அந்த டீச்சர். ஆனால் மிளகு அதை விளையாட்டுக்கு எடுத்திருக்க மாட்டாள். மழை விட்டதும் நத்தைகள் நடைபாதைக்கு வந்துவிடும், போகிறவர்கள் பார்க்காமல் மிதித்துவிடுவார்கள். இங்கே நானும் அவளும் அவற்றைப் பொறுக்கிக்கொண்டுபோய்ச் செடி ஓரமாக விடுவோம். எங்கள் கட்டடக் காவலாளி எங்களை நத்தை போலீஸ் என்றுதான் கூப்பிடுவார். அங்கே செடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று குழந்தைக்கு இன்னும் பிடிபட்டிருக்காது, அதனால் பையில் போட்டிருப்பாள். பக்கத்தில் ஒரு பூங்காவோ நாலு புதரோ இருந்தால் காட்டிக்கொடு. பை தப்பித்துவிடும்.

"பாடம் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் பூச்சி பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்" என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு முதலில் சுருக்கென்றது. பிறகு சிரிப்பு வந்தது. நான் சொல்லிக்கொடுத்தேனா? எனக்கு என்னடி தெரியும்? துணியை நேராக வெட்டத் தெரியும், அவ்வளவுதான். உனக்கு அந்த நாட்களை நான் சரியாகச் சொன்னதே இல்லை. அங்கே நீ இருந்த இருப்பில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாமல், சாப்பிட்டாள், தூங்கினாள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ அவளை எங்களிடம் விட்டுவிட்டு விமானம் ஏறியபோது அவளுக்கு நாலு வயது. எத்தனையோ வாரங்கள் அவள் வாயைத் திறக்கவில்லை. நீ போன் செய்தால் உனக்கு அவள் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். தலைமையாசிரியை நல்ல மாதிரிதான் பேசினார். "குழந்தை பேச ஆரம்பிக்கட்டும்மா, அப்புறமா கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து நான் தையல் மெஷினில் உட்கார்ந்தால், அவள் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்தச் சத்தம் அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஒருநாள் சுவரோரமாக எறும்பு வரிசை போனது. ஒரு செத்த ஈயை இழுத்துக்கொண்டு போயின. மெஷினுக்கு அடியிலிருந்து அவள் தவழ்ந்தபடியே அவற்றின் பின்னால் போனாள். கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, ஜன்னல் வரைக்கும். அங்கே சுவரில் ஒரு விரிசல். ஈ அதற்குள் நுழையவில்லை. எறும்புகள் தள்ளிப் பார்த்தன, திருப்பிப் பார்த்தன, சண்டை போடுவதுபோல் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "பெரியம்மா, இப்ப என்ன பண்ணும்?" என்றாள்.

இந்த வீட்டில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். கட்டிக்கொண்டு அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து, "தெரியலையேடி, வா பாப்போம்" என்று நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் இறக்கையைப் பிய்த்துப் போட்டுவிட்டு உள்ளே கொண்டுபோயின. அவள் கை தட்டினாள். அன்று அடுப்பில் சோறு தீய்ந்துவிட்டது. அத்தான் வந்து விஷயத்தைக் கேட்டார். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இனிமே தினமும் தீயட்டும்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. அவள் கேட்பாள், எனக்குத் தெரியாது, இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். பல்லி சுவரில் ஓடும்போது ஏன் விழுவதில்லை, சோப்புக் குமிழிக்குள் ஜன்னல் எப்படிப் போனது, பஞ்சில் போட்ட பயறு எந்தப் பக்கம் மேலே என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது. சிலதுக்கு விடை தெரிந்தது, பலதுக்குத் தெரியவே இல்லை. எண்களை அவள் என் அளவு டேப்பில்தான் படித்தாள். பால்கனிக் கம்பியின் நிழலைக் காலையில் அளப்பாள், மத்தியானம் அளப்பாள், "வெயில்ல சுருங்கிப்போச்சு பெரியம்மா, மட்டமான துணி" என்று சொல்வாள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். இவள் மிளகாயிற்றே! எழுத்து வந்தது தையல் சாக்குக்கட்டியில். யாரோ ஒரு வாடிக்கையாளரின் கறுப்புத் திரைச்சீலையில் 'எறும்பு' என்று எழுதி, பக்கத்தில் கால்களோடு படமும் போட்டுவிட்டாள். தட்டித் தட்டிப் பார்த்தும் ஒரு கால் போகவே இல்லை. அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் எந்த வீட்டு ஜன்னலிலோ அந்தக் கால் தொங்கிக்கொண்டிருக்கும்.

அத்தான் மட்டும் சும்மா இருப்பாரா? குளியலறை மூலையில் கூடு கட்டிய சிலந்தியை நான் துடைப்பத்தால் அடிக்கப் போனால், "அது என் தொழில்காரன், லிஃப்ட் மாதிரி ஒத்தைக் கயித்துல ஏறி இறங்குறவன், விட்டுடு" என்று வந்து நிற்பார். அதோடு அந்தச் சிலந்திக்கு மூன்று மாதம் குளியலறையில் குடித்தனம். மிளகு அவரிடம், "பெரியப்பா, உங்க கயிறு அறுந்துபோச்சுன்னா?" என்று ஒருநாள் கேட்டாள். "நம்ம கயிறு இரும்பு, அறுக்கவே முடியாது" என்று அவர் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எதற்கான கேள்வி என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்று, கொஞ்ச காலத்துக்குப் போன் செய்ய வேண்டாம், அவள் மனது அங்கே ஒட்டட்டும் என்று நீ சொன்னது. அதில் நியாயம் இருக்கிறது. காய்ச்சலில் கிடந்தபோது ஒருமுறை அவள் என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். "அம்மா சாயந்தரம் போன்ல வருவாங்க கண்ணு, நான் பெரியம்மா" என்று சொல்லித்தான் மருந்து கொடுத்தேன். உன் இடம் உன் இடம்தான், அதில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நீ சொல்லும் வரை போன் செய்யமாட்டேன்.

இன்னொன்று, அவள் அப்பாவையே மறந்துவிட்டாள் என்று நீ எழுதியது. "அப்பா லீவு கிடைச்சதும் வருவார்னு சொன்னா, தண்ணி வேணும்னு எழுந்து போயிடுறா. ஒரு வார்த்தை கேக்கறதில்லை. நீங்க ரெண்டு பேரும் அவர் பேச்சையே எடுக்கலையா?" என்று கேட்டிருந்தாய். இதற்குத்தான் இந்தக் கடிதம். குழந்தைக்குக் கொடுத்த வாக்கை மீறி எழுதுகிறேன்.

நம் பால்கனியில் துணி அலசும் பெரிய வாளி இருக்கிறதே, அதில் போன வருடம் ஒரு புறா குச்சிகளைக் கொண்டுவந்து போட்டு முட்டையிட்டது. இரண்டு முட்டை. பிறகு எங்கே துணி அலசுவது? சமையலறைத் தொட்டியில்தான். ஆண் புறாவும் பெண் புறாவும் முறை வைத்து அடைகாத்தன. டியூட்டி மாத்துறாங்க, அம்மா மாதிரியே என்று மிளகு சொல்வாள். ஒரு முட்டை பொரிந்தது. பார்க்கச் சகிக்காத ஒரு குஞ்சு, அதைப்போல அழகு உலகத்தில் இல்லை என்று அவள் சாதித்தாள். மற்றது பொரியவில்லை. புறாக்கள் அதன்மேல் உட்காருவதை விட்டுவிட்டன. குஞ்சு வளர்ந்து பறந்தும் போயிற்று. அவள் அந்த முட்டையை எடுத்துப் பஞ்சில் சுற்றி, என் தையல் விளக்குக்கு அடியில் வைத்தாள். காதில் வைத்துக் கேட்டாள். அதோடு பேசினாள். எனக்கு மனது தாங்கவில்லை. "இதுக்குள்ள உயிர் இல்லடி கண்ணு. எவ்வளவு நாள் சூடு காட்டினாலும் இது இனிமே வராது" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. இரண்டு பேருமாகப் பூந்தொட்டியில் மண்ணைத் தோண்டி அதைப் புதைத்தோம். கை கழுவிவிட்டு நான் மெஷினில் உட்கார்ந்தேன். அவள் வழக்கம்போல் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்படிக் கொடுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அப்பாவும் இனிமே வர மாட்டாங்கல்ல பெரியம்மா?" என்றாள்.

மெஷின் நின்றுவிட்டது. அவர் தூரத்து ஊரில் வேலையாக இருக்கிறார் என்று சொல்லச் சொல்லி நீ என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாய். அவரைக் கொண்டுபோன அந்த விபத்துக்குப் பிறகு நீ இருந்த நிலையில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் முட்டையின் விஷயத்தில் உண்மையைச் சொன்ன வாயால், அடுத்த நிமிஷம் அவளைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "வர மாட்டாங்க கண்ணு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகுதான் என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். தைத்துக்கொண்டிருந்த துணி முழுக்க நனைந்துபோயிற்று. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று பெரியப்பாவிடம் ஏன் கேட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை நீ போன் செய்தாய். வழக்கம்போல, அப்பா உன்னை விசாரித்தார், சமர்த்தாக இருக்கச் சொன்னார் என்று சொன்னாய். அவளோ, "சரிம்மா, நானும் விசாரிச்சேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள். நீ வைத்த பிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மாவுக்கு இன்னும் தெரியாது பெரியம்மா. நீங்க சொல்லிடாதீங்க. அங்க தனியா இருக்காங்க. அழுதாங்கன்னா யாரு மடியில வச்சுக்குவாங்க?"

தங்கச்சி, அவள் மறக்கவில்லை. உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சுண்டைக்காய் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். நீ அப்பா பேச்சை எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கப் போகிறாளே, அது தாகம் இல்லை. உன் எதிரில் முகம் மாறிவிடக் கூடாது என்று போகிறாள். தீப்பெட்டியில் செத்த வண்டை வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்து அருவருப்படையாதே. செத்தது என்றால் என்ன என்று அங்கே யாரும் அவளோடு உட்கார்ந்து பேசவில்லை, தானாகவே பார்த்துக்கொள்கிறாள்.

ஆஸ்பத்திரியில் எத்தனை குடும்பங்களுக்கு நீ இந்தச் சேதியைச் சொல்லியிருப்பாய்! கையைப் பிடித்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, எவ்வளவு பதமாகச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதத்தோடு உன் மகளிடமும் சொல்லிவிடு. ஒரு லீவு நாளில், அவசரமில்லாமல் சொல். அம்மாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் அழுகை வரும் என்று அவளுக்குத் தெரியட்டும். அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழு. ஒன்றும் ஆகாது. அவள் ஏதாவது கேட்டு உனக்கு விடை தெரியாமல் போனால், தெரியாது என்று சொல். அதை அவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள். அதன் பிறகு பார், அவளாகவே உன்னை ஒட்டிக்கொள்வாள். நான் போன் செய்தாலும் செய்யாவிட்டாலும்.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். வாக்கை மீறிவிட்டாள் என்று பெரியம்மாமேல் கோபப்படுவாள். கோபம் தீர்ந்ததும் ஒரு வார்த்தை எழுதச் சொல், காத்திருக்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, வாய்விட்டுச் சிரித்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அத்தானும் இதையேதான் சொல்லச் சொன்னார். எதிரில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

எங்களைப் பற்றிக் குழந்தை கேட்டால், பெரியம்மாவுக்குத் தையல் வேலை ரொம்ப அதிகமாம், வீடு முழுக்கத் துணியாம், தரையில் உட்காரக்கூட நேரம் இல்லையாம், சந்தோஷமாக இருக்கிறாளாம் என்று சொல்லிவை.

என்றும் உன்,
அக்கா