ஒரே வயரின் இரண்டு முனைகள்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது, உனக்குச் சளி விட்டதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா. போனில் சொன்னால் பாதியிலேயே உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும், அதனால்தான் கடிதம்.

கம்ப்யூட்டர் பார்த்தவர் ஆஸ்பத்திரி வேலையை விட்டுப் போனதும், எல்லாக் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் சுவிட்ச் பெட்டி என் ஆய்வகத்தில் இருக்கிறது என்பதற்காகவே அதை என் தலையில் கட்டினார்கள் அல்லவா, வயர் சொருகும் துளை போர்ட், ஒரே பெட்டிக்குள் தடுப்புச் சுவர் வைத்த மாதிரிப் பிரிப்பது வி-லேன் என்று நீயும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். போன செவ்வாய்க்கிழமை அது கைகொடுத்தது. பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு, டாக்டர் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறார், நான் அனுப்பினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தாளில் எழுதி நானே ஓடிப்போய்க் கொடுத்தேன். திரும்பும்போது பார்த்தால் கூடத்தில் காத்திருந்தவர்கள் ஆஸ்பத்திரி வைஃபையில், போனில் நிம்மதியாகப் படம் பார்க்கிறார்கள், அவர்களுடைய வி-லேன் வேறு, அப்படியானால் கோளாறு எங்கள் பக்கம்தான் என்று பொறி தட்டியது. பெட்டியைத் திறந்தால் எங்கள் பக்கத்து விளக்குகள் எல்லாம் பேய் பிடித்த மாதிரி துடிக்கின்றன. நீ சொன்ன லூப்தான், போன தகவலே சுற்றிச் சுற்றி வந்து மற்றதற்கு வழிவிடாமல் அடைப்பது. ஒரே வயரின் இரண்டு முனையும் இரண்டு போர்ட்டில் இருந்தன. ஒன்றைப் பிடுங்கினேன், எல்லாம் வழிக்கு வந்தது.

சொருகியது பெருக்கித் துடைக்கும் அக்கா. கீழ கிடந்துச்சும்மா, யாராவது தடுக்கி விழுவாங்கன்னுதான் சொருகினேன் என்றாள். மேனேஜருக்குப் பயத்தில் முகமே வெளுத்திருந்தது, அக்காவைக் காட்டி, இன்னையோட இவங்க கணக்கை முடிச்சுடுங்க என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. சார், லூப் வந்தா அந்தப் போர்ட்டைத் தானா மூடுற வசதி இதுல இருக்கு, அதை யாருமே ஆன் பண்ணல, நாளைக்கு நீங்க சொருகினாலும் இதேதான் நடக்கும் என்றேன். நிரூபிங்க பார்ப்போம் என்றார். பிரசவ அறையில் அவசரம் அடங்கும்வரை பொறுத்திருந்து, அதை ஆன் செய்து, கரண்ட் போனாலும் பெட்டி அதை மறக்காமல் இருக்க சேவ் கொடுத்து, அவர் கண் முன்னாலேயே அந்த வயரை மறுபடி சொருகினேன். அந்தப் போர்ட்டின் விளக்கு மட்டும் பட்டென்று அணைந்தது, மற்றவை அசையவில்லை. மேனேஜர் அக்காவின் பக்கம் திரும்பி, போய் டீ குடிச்சிட்டு வேலையப் பாரும்மா என்றார். பிரசவ அறையில் இருந்த பெண்ணும் பிழைத்துக்கொண்டாள், பெண் குழந்தை, அழுகைச் சத்தம் ஆய்வகம் வரை கேட்கிறது.

வீட்டில் சொன்னபோது அப்பா, நீ சொருகினப்போ மொத்தமும் நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பே என்று கேட்டார். எனக்கும் வேலை போயிருக்கும், நானும் அக்காவும் ஒரே பஸ்ல வீட்டுக்கு வந்திருப்போம் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மனசும் உடம்பும் தெம்பாக, நிறைவாக இரு கண்ணே. பல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே.

என்றும் உன்னையே நினைக்கும்,
அம்மா