தேய்ந்த விரலுக்கு ஒரு ஜாமீன்

அன்புள்ள அக்கா,

இன்று காலை பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் கையில் தேங்காய் எண்ணெய் மணத்தது. உடனே உங்கள் வீட்டு முன்னறையில் உள்ளங்கை மினுங்க நின்ற செல்வி கண்முன் வந்துவிட்டாள்.

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரி வாரியே கைரேகை தேய்ந்துபோனவள் அவள். மழை பிடித்தால் அங்கே வேலை கிடையாது. முந்தைய மழைக்கு வாங்கிய கந்துவட்டிக் கடனில் தாலியையும் விற்றிருந்தாள். இந்த மழைக்குள் ஒரு கிரைண்டர் கிடைத்தால் மாவு விற்றுப் பிழைத்துக்கொள்வேன் என்று உங்களிடம் வந்தாள்.

உங்கள் ஜமாத் பெண்களின் சங்கத்தில் வட்டி கிடையாது. பொருளை வாங்கி, வாங்கிய விலையையும் சங்கத்தின் சிறு லாபத்தையும் முன்கூட்டியே சொல்லி, தவணைக்கு விற்பீர்கள். மழை மாதங்களில் தவணையும் கேட்பதில்லை. அதற்கெல்லாம் அப்போதுதான் போனில் ஒரு செயலி வந்திருந்தது; வாங்குகிறவர் அதில் விரல்ரேகை பதிக்க வேண்டும். அது செல்வியின் எந்த விரலையும் ஏற்கவில்லை. யார் பேச்சையோ கேட்டு, கையை எண்ணெயில் ஊறவைத்துக்கொண்டு மறுநாள் வந்தாள். விரல் வழுக்கியதுதான் மிச்சம்.

"ஏண்டி, ரேகை வெக்கச் சொன்னா வடை சுட வந்தவ மாதிரி நிக்கற?" என்று சிரித்தீர்கள்.

அவள் சிரிக்கவில்லை. "நான் ஒருத்தி இருக்கறதே இதுக்குத் தெரியலியே பாயம்மா."

செயலியை எழுதிய உங்கள் அக்கா மகனுக்கு அங்கேயே போன் போட்டீர்கள். "டேய், ஜாமீன் நிக்கறதுன்னு நம்ம மார்க்கத்துல ஒண்ணு இருக்குதே, அத ஏன்டா இதுல வெக்கல? மிஷினுக்குத் தெரியலன்னா என்ன, எங்களுக்கு இவளத் தெரியும்ல?"

எங்கள் பள்ளியில் எழுத வராத பிள்ளையை வாயால் சொல்லச் சொல்லி மார்க் போடுவோமே, அதுபோலத்தான். அவனும் முணுமுணுத்துக்கொண்டே செயலியை மாற்றிக் கொடுத்தான். ரேகை பதியாதவருக்காக அவரை அறிந்த இருவர் விரல் வைக்கலாம். ஒருவர் நீங்கள். அடுத்து என்னைப் பார்த்தீர்கள்.

"நான் மாதா கோயில் ஆளாச்சே அக்கா, ஒத்துக்குவாங்களா?"

"வட்டி கூடாதுன்னு எங்க மார்க்கம் சொல்லுது. மாதா கோயில்ல மட்டும் வட்டி இனிக்குதா டீச்சர்? விரல வைங்க."

வைத்தேன். அந்த மழையில் செல்வி யாரிடமும் கை நீட்டவில்லை. தவணையையும் முடித்துவிட்டாள்.

நீங்கள் மறைந்த பிறகு, போன வாரம், அதே உப்பளத்திலிருந்து இன்னொருத்தி தேய்ந்த விரல்களோடு வந்தாள். தையல் மிஷின் வேண்டுமாம். ஜாமீனுக்கு நான் இருந்தேன், உங்கள் இடம் காலியாக இருந்தது. "நான் நிக்கறேன் டீச்சர்" என்று செல்வி முன்னே வந்தாள். அவள் விரல்தான் பதியாதே என்று நான் தயங்க, உங்கள் அக்கா மகனே சொன்னான்: "தவணைய முடிச்சவங்க விரல் வெக்க வேணாம், முகத்தக் காட்டினாலே போதும் டீச்சர், அப்படி மாத்திட்டேன்."

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை நிமிர்ந்து பார்த்தாள். அது அவளை ஏற்றுக்கொண்டது. பக்கத்தில் நானும் விரலை வைத்தேன்.

வருகிறவள் எந்தக் கோயில் என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை, அக்கா. எந்த உப்பளம், மழைக்கு முன்னால் என்ன வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.