சுண்டுவிரல் பக்கத்துப் புடைப்பு

சாம்பிள் ரூம் அலமாரியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கையை விட்டதும் முதலில் வந்தது உன் கால். ஷூ தைக்க உள்ளே வைக்கிற பிளாஸ்டிக் அச்சு, நாம் லாஸ்ட் என்போமே, அது. சுண்டுவிரல் பக்கம் அந்தப் புடைப்பு அப்படியே இருந்தது. நீ போன பிறகு அதை நான் தொட்டதில்லை. இன்று தொட்டேன். சில்லென்று இருக்க வேண்டியது வெதுவெதுப்பாக இருந்தது.

புது ஷூ எல்லாவற்றையும் உன் காலில்தான் போட்டுப் பார்ப்பார்கள். அளவெடுத்துச் செய்த கால் என்று சூப்பர்வைசருக்குப் பெருமை. புடைப்பு மட்டும் உரசும். நீ முகம் சுளித்ததைப் பார்த்து மாஸ்டர், லாஸ்ட்டில் அந்த இடத்தில் ஒரு தோல் துண்டை ஒட்டினார். அதைப் பிய்க்க மறந்து அப்படியே அச்சு வார்க்க அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வந்த லாஸ்ட் அத்தனையிலும் உன் புடைப்பு. எங்கேயோ பனியில் நடக்கிற பெண்களின் ஷூவில் எல்லாம் உன் சுண்டுவிரலுக்கு இடம் விட்டிருந்தது. "இன்னாடி இது, ஊரு உலகமெல்லாம் என் காலு நடக்குது, நான் ஆம்பூரையே தாண்டல" என்று சிரித்தாய்.

கம்பெனி பஸ்ஸில் சாப்பாட்டுப் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பாய். உட்கார்ந்ததும் செல்போனில் இங்கிலீஷ் வார்த்தைகளின் பூர்வீகத்தைத் தோண்டுவாய். தபால் வழியில் பி.ஏ. படித்த பைத்தியம் நீ. நிலைத்திருப்பதைச் சொல்லும் வார்த்தைகள் என்றால் உனக்கு உயிர். 'எண்டியூர்' என்றால் தாங்கிக்கொள்வது, ஆனால் அதன் வேர் இறுகிப்போவதாம். 'பர்சிஸ்ட்' என்றால் விடாமல் நிற்பதாம். "பெர்மனென்ட்னா கடைசி வரைக்கும் தங்குறதாம். நம்ம கம்பெனில யாருடி அப்படி?" என்பாய். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "நீடிக்கிறதுக்கு லாஸ்ட்னு சொல்றாங்க இல்ல, அதுவும் நம்ம லாஸ்ட்டும் ஒரே வேருடி. காலடித் தடம். தடத்தப் புடிச்சிக்கினு பின்னாலயே போறது" என்றாய். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் இடத்துக்கு வந்த பெண் முதல் ஷூவில் காலை விட்டதுமே வெடுக்கென்று எடுத்தாள். "அக்கா, யாரோ இப்பத்தான் கழட்டுன மாதிரி உள்ள சூடா இருக்குது" என்றாள். புது ஷூ என்று அதட்டி உட்கார வைத்தேன்.

இப்போது அந்த மாடலே வேண்டாமாம். லாஸ்ட் எல்லாவற்றையும் அரைத்துத் தூளாக்கப் போகிறார்கள். உன்னுடையதை மட்டும் கேட்டேன். "கம்பெனி சாமான் வெளிய போகக்கூடாதும்மா" என்றார் சூப்பர்வைசர். மூட்டை கட்டி நானே தூக்கிக் கொடுத்தேன். மிஷினில் அது நொறுங்கிய சத்தம் சாம்பிள் ரூம் வரைக்கும் கேட்டது. உன்னில் மிச்சம் இருந்ததும் போயிற்று என்று அழுதேன்.

அழுது முடித்து, காலி அலமாரியடியில் தரையைத் துடைத்தேன். வெறுங்காலோடு வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். ஈரத்தில் என் காலடிகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் பக்கம் ஒரு புடைப்பு. காலைத் தூக்கித் தடவிப் பார்த்தேன். என் காலில் அப்படி எதுவும் இல்லை.

பயமாகத்தான் இருக்கிறது. துடைக்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையைப் போட்டிருக்கிறேன். கேட்டவர்களிடமெல்லாம் ஆள் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.